ஏழாம் எண் தகடு

பிப்ரவரி 6, வெள்ளி

இழுவை இயந்திரத்தின் பிடியைச் சரிசெய்ய ஆள் வந்து போனார். கிளம்பும்போது, "ஏதாவது ஒரு கம்பியைப் போட்டு இழுத்துப் பாத்துடுங்க, நல்லா பிடிக்குதான்னு" என்றார். அலமாரியில் ஜனவரி முதல் வாரத்து அச்சின் உபரிக் கம்பி ஒன்று கிடந்தது. அதைப் போட்டேன். பிடியைப் பார்க்கத்தான், வேறொன்றுமில்லை.

டப்பென்று உடைந்தது.

டைட்டானியம் அப்படி உடையாது. முதலில் நீளும், நடுவில் ஒடுங்கும், பிறகுதான் அறும். நூற்றுக்குப் பத்தாவது நீள வேண்டும். அதே அச்சில் நான் சோதித்துக் கையெழுத்துப் போட்ட கம்பி பதின்மூன்று நீண்டது. இது நாலுகூட இல்லை.

பிடி கோணலாக இருந்திருக்கும். அந்த ஆளை மறுபடி கூப்பிட வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

பிடி கோணல் இல்லை. வேறு அச்சின் கம்பிகள் இரண்டைப் போட்டேன். இரண்டும் ஒழுங்காக நீண்டன.

உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எதற்கு? அந்த உபரிக் கம்பிக்குப் பதிவு எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. அதனால்தானா?

பிப்ரவரி 8, ஞாயிறு

முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் கொஞ்சம் சின்னதாகத் தெரியலாம்.

கட்டி வந்து தாடை எலும்பின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு, அங்கே வைக்கும் மாற்று எலும்பு சேரும்வரை இரு பக்கத்தையும் பிடித்து வைக்க ஒரு தகடு வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கனம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வளைவு. நாங்கள் அதை அச்சிடுகிறோம். டைட்டானியத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அதன்மேல் இன்னொரு படலம், இன்னொன்று. ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. மேல் படலம் உருகும்போது கீழ்ப் படலத்தையும் கொஞ்சம் உருக்கிக்கொண்டு அதோடு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் நடுவே ஒரு தட்டையான விரிசல் இடம் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் நான் இருக்கிறேன். கூடவே அச்சான கம்பிகளை இழுத்துப் பார்க்கிறேன், தகடுகளை எக்ஸ்ரே ஸ்கேனில் வைத்துப் பார்க்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு தகடும் வெளியே போகாது.

ஜனவரி அச்சில் எட்டுத் தகடுகள். ஏழு போய்விட்டன. ஏழும் இப்போது ஏழு பேருடைய முகத்துக்குள் இருக்கின்றன. எட்டாம் எண்ணுக்குரியவருக்குக் காய்ச்சல் வந்து அறுவை தள்ளிப்போனதால் அது மட்டும் எங்கள் அலமாரியில்.

எழுதினேன். சின்னதாகத் தெரியவில்லை.

மகள் என் பையில் பேனா தேடியவள் கைக்குட்டையைப் பிரித்துவிட்டாள். "என்னம்மா இது?"

"உடைஞ்ச கம்பி."

"இதை ஏன் பத்திரமா வச்சிருக்கே?"

பிடுங்கி வாங்கினேன். பதினொரு வயதுப் பிள்ளை, மிரண்டுவிட்டாள்.

பிப்ரவரி 9, திங்கள்

கம்பி உடைந்த முனையை நுண்ணோக்கியில் வைத்தேன். தட்டையான பள்ளங்கள். அவற்றுக்குள் உருகாத தூள், கடுகு கொட்டிவைத்த மாதிரி, உருண்டை உருண்டையாக. லேசர் அதைத் தொட்ட அடையாளமே இல்லை.

அச்சுத் தட்டில் எது எங்கே இருந்தது என்ற வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நான் சோதித்த கம்பி நடுவில் அச்சானது. இந்த உபரிக் கம்பி இடது பின்மூலையில். அதே மூலையில் பக்கத்திலேயே இருந்தவை ஏழும் எட்டும்.

ஸ்கேன் சுத்தமாக வந்ததே என்று மனசு திரும்பத் திரும்பச் சொல்கிறது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மருத்துவமனை தேதி நெருங்கிவிட்டது. ஒவ்வொரு தகடாக வைத்தால் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம். எட்டையும் ஒரே தட்டில் அடுக்கி, ஒரே தடவையில், நாற்பது நிமிடத்தில் முடித்தேன். அப்படி வைத்தால் அறுபது மைக்ரானுக்குக் குறைவான எதுவும் படத்தில் விழாது. இந்தப் பள்ளங்களின் கனம் இருபது.

வலைக்கண் பெரிதாக இருந்தது. மீனே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அச்சு இயந்திரத்தை ஓட்டுபவருக்கு எங்களிடையே மாவு அண்ணன் என்று பெயர். நாள் முழுக்கத் தூளோடு இருப்பதால் புருவம்கூடச் சாம்பல் பூத்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்: "அண்ணா, ஜனவரி முதல் வாரத்து அச்சு. நடுவுல ஏதாவது ஆச்சா?"

டிபன் டப்பாவை மூடினார். "ஏம்மா கேக்குறே?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற மூஞ்சி இல்லையே இது."

பிறகு சொன்னார். லேசர் படும்போது தெறிக்கும் துகளையும் புகையையும் ஒரு காற்றோட்டம் அடித்துக்கொண்டு போக வேண்டும். அதன் ஃபில்டர் அடைத்துக்கொண்டு பாதி அச்சில் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. "நிறுத்தினா எட்டுத் தகட்டுலயும் ஒரு கோடு விழும்மா. எட்டும் குப்பைக்குத்தான். விளக்கை அமத்திட்டு ஓட்டிட்டேன். முன்னாடியும் ஓட்டியிருக்கேன், ஒண்ணும் ஆனதில்லை." என் முகத்தையே பார்த்தார். "ஆயிடுச்சா?"

காற்று கடைசியாகப் போய்ச் சேரும் இடம் இடது பின்மூலை.

பிப்ரவரி 11, புதன்

ஏழாம் எண்ணின் படிவத்தைத் தேடி எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. பெண், வயது 44, தொழில்: சிகை அலங்காரம். அறுவை ஜனவரி 18.

இதுவரை ஏழாக இருந்தது. இப்போது ஆளாகிவிட்டது.

சாப்பிடும்போது மகள் மெல்லுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வாய்க்குப் பதினாறு. என் கணவர் இருபத்திரண்டு. "எதுக்கு என் வாயையே பாக்குறே?" என்று கேட்டார். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடிப்பாள்? எண்ணூறு? ஆயிரம்? ஒவ்வொரு தடவையும் அந்த மூலை கொஞ்சம் வளையும்.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று இரவே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பேச்சு புரியும். முழுக்கக் கேட்டுவிட்டு, "யாருக்கும் தெரியாதுல்ல?" என்றார்.

"தெரியாது."

"அப்போ தெரியாமலே இருக்கட்டும். ஒரே ஒரு கம்பிதானே? உங்க கடையில பதினொரு பேர் வேலை பாக்குறீங்க. கையெழுத்து வேற உன்னோடது. நாளைக்கு போலீஸ், கோர்ட்டுன்னு வந்தா முதலாளியா வந்து நிப்பாரு? உன்னத்தான் தள்ளிவிடுவாங்க."

எனக்கும் அதுதான் பயம். அவர் வாயால் கேட்டபோது இன்னும் பயமாக இருந்தது. ஆனால் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நேத்து சொன்னதை மனசுல வச்சுக்காதே. எனக்கும் பயம்தான்" என்றார்.

பிப்ரவரி 13, வெள்ளி

முதலாளியிடம் போனேன். துண்டுகளை மேசையில் வைத்தேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கம்பி வேற, தகடு வேறம்மா. கம்பி மோசமா வந்தா தகடும் மோசம்னு எப்படிச் சொல்றீங்க? தகட்டுல பாத்தீங்களா?"

"எட்டாம் நம்பரைத் தனியா ஸ்கேன் பண்றேன் சார். நுணுக்கமா."

"பண்ணுங்க. ஆனா வெளியில மூச்சு விடக் கூடாது."

ஐந்து மணி நேரம் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு திருகாணி ஓட்டைக்குப் பக்கத்தில், படலங்களுக்கு இணையாக, மங்கலாக ஒரு சாம்பல் இழை. இருக்கிறதா இல்லையா என்ற மாதிரி.

"அது நிழல்" என்றார் முதலாளி.

நிழலாக இருக்கலாம். சத்தியமாக இருக்கலாம்.

பிப்ரவரி 14, சனி

நாளெல்லாம் எதுவும் செய்யவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

எட்டாம் எண் தகட்டை வெட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. வெட்டாமல் உண்மை தெரியாது. வெட்டினால் தகடு கிடையாது. அந்த நிழல் இருந்த இடத்தில் குறுக்கே அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன்.

நிழல் இல்லை.

ஒரே கோட்டில் நான்கு பள்ளங்கள். பெரியதன் நீளம் 340 மைக்ரான். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல், இரண்டு மில்லிமீட்டர் தகட்டில்.

முதலாளியைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"வக்கீல்கிட்ட கேட்டுட்டு ஒரு வாரத்துல சொல்லலாம்மா."

"ஒரு வாரத்துல ஏழாம் நம்பர் அம்மா சாதாரணச் சாப்பாட்டுக்கு வந்துடுவாங்க சார். ஆபரேஷனுக்கு அப்புறம் அஞ்சு வாரம் வரைக்கும்தான் கூழ்."

"நீங்க டாக்டரா?"

"இல்லை சார்."

"அப்போ உங்க வேலையைப் பாருங்க."

பிப்ரவரி 17, செவ்வாய்

என் வேலையைப் பார்த்தேன். காலை 10.20க்கு அறுவை மருத்துவருக்கு நானே மின்னஞ்சல் அனுப்பினேன். படங்கள், வரைபடம், அணைக்கப்பட்ட விளக்கு, நான் தேர்ந்தெடுத்த நாற்பது நிமிட ஸ்கேன், எல்லாம். எதையும் மழுப்பவில்லை.

அதன் பிறகுதான் முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "பதினொரு பேருக்கும் நீங்களே போய் பதில் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 18, புதன்

மருத்துவர் பேசினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"ஏழாம் நம்பர் தகடு இப்ப பிடிச்சுட்டுதான் இருக்கு. படத்துல நல்லா இருக்கு. எலும்பு சேர இன்னும் நாலு மாசம் ஆகும். மறுபடி திறந்தா நரம்பு போகலாம், புண் ஆறாம போகலாம், பேச்சே போகலாம். அவங்க நாள் பூரா பேசிப் பிழைக்கிறவங்க. அதனால எனக்கு ஒரு எண் வேணும். இது எத்தனை நாள் தாங்கும்?"

"தெரியாது டாக்டர்."

"தெரிஞ்சுக்கிட்டு சொல்லுங்க. அதுவரைக்கும் எல்லாருக்கும் கூழ்தான்னு சொல்லி வைக்கிறேன்."

எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல தகட்டைச் சோதித்தால் நல்ல எண் வரும். எனக்கு அதே மாதிரி கெட்ட தகடு வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

மாவு அண்ணன் குப்பைப் பீப்பாயைக் கவிழ்த்து, அந்தப் பழைய ஃபில்டரைத் தேடி எடுத்துவந்தார். கையெல்லாம் கரி. "இதைத் திரும்ப மாட்டி, நடுவுல இருந்த ஒரு தகட்டை மட்டும் மூலைக்குத் தள்ளி, அதே அச்சை ஓட்டிப் பாப்போம்மா. அதே தூள் டப்பா இன்னும் பாதி இருக்கு." முதலாளி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாதியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அண்ணன் அதை அணைத்தார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

எட்டுத் தகடும் சூளையில் வெந்து வந்துவிட்டன. கடிக்கும் விசையில் மேலும் கீழும் வளைக்கும் இயந்திரத்தில் முதல் மூலைத் தகட்டை மாட்டியிருக்கிறேன். ஒரு நொடிக்கு நான்கு கடி. டக் டக் டக் டக். அறைக் கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. அது நின்றுவிடுமோ என்று பயம். நிற்காமலே ஓடினால், ஒரு பொம்பளை வயிற்றில் வீணாகப் புளியைக் கரைத்தவள் நான் என்று அதுவும் பயம்.

பிற்பகல் இரண்டரைக்கு நின்றது. 61,000.

பிப்ரவரி 26, வியாழன்

இரண்டாவது மூலைத் தகடு 48,000. மூன்றாவதைப் பாதி விசையில், கூழ் சாப்பிடும் கணக்குக்கு, விட்டேன். ஐந்து லட்சம் தாண்டியும் உடையவில்லை. இன்னொரு இயந்திரத்தில், நடுவில் அச்சான தகடு முழு விசையிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மருத்துவரிடம் சொன்னேன். "சாதாரணச் சாப்பாடுன்னா ரெண்டு மாசத்துல உடையலாம். கூழ் மட்டும்னா கடைசி வரைக்கும் தாங்கலாம். ஆனா ஏழாம் நம்பருக்குள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல. அதை எடுத்தாத்தான் பாக்க முடியும். இதெல்லாம் அதோட கூடப்பிறந்த தகடுகளோட எண்தான்."

"இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லிடுறேன். முடிவு அவங்களோடது. மத்த ஆறு பேரையும் மாசம் ஒரு தடவை படம் எடுத்துப் பாத்துக்குறேன்" என்றார்.

பிப்ரவரி 27, வெள்ளி

எடுத்துவிடச் சொல்லிவிட்டாராம். வாயைத் திறக்க முடியாததால் தாளில் எழுதிக் காட்டினாராம். திங்கட்கிழமை அறுவை. புதிய தகடு நாங்கள் செய்தது வேண்டாம், வேறு இடத்திலிருந்து வரும். நியாயம்தான்.

மார்ச் 2, திங்கள்

காலை எட்டு மணிக்கு ஆரம்பம் என்றார்கள். எட்டிலிருந்து நான்கு வரை ஒரே திருகாணியைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு எண்.

நான்கு மணிக்கு மருத்துவர் அனுப்பியது: முடிந்தது. நிலை சீராக இருக்கிறது. பேச்சு இப்போதைக்குத் தெரியாது.

மார்ச் 9, திங்கள்

ஏழாம் எண் தகடு வந்துவிட்டது. கிருமி நீக்கி, உறையில் போட்டு, என் பெயர் எழுதி. கைக்கு எடையே இல்லை.

உள்ளே பள்ளம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சுத்தமாக இருந்துவிட்டால்? சும்மா கிடந்த ஒரு முகத்தை இரண்டாம் தடவை அறுக்க வைத்தவள் ஆகிவிடுவேன். ஒரு தகடு மோசமாக இருக்கட்டும் என்று வேண்டுகிறேன். நான் என்ன மாதிரிப் பிறவி?

மூன்று நாளாக உறையைப் பிரிக்கவில்லை என்று பின்னால் எழுதப்போகிறேன், தெரிகிறது.

மார்ச் 12, வியாழன்

பிரித்தேன். தனியாக ஸ்கேன் செய்தேன், பிறகு வெட்டினேன். முதலாளி பக்கத்தில் நின்றார்.

பள்ளங்கள் இருக்கின்றன. எட்டில் இருந்ததைவிடக் குறைவு, இரண்டுதான். ஆனால் பெரியதன் முனையிலிருந்து மேற்பரப்பை நோக்கி ஒரு வெடிப்பு கிளம்பியிருக்கிறது. 0.6 மில்லிமீட்டர். கூழ் மட்டுமே சாப்பிட்ட வாயில்.

முதலாளி, "உடைஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாது சார். வெடிப்பு நின்னும் போயிருக்கலாம்."

"நீங்க எதையும் உறுதியா சொல்ல மாட்டீங்களா?" என்றார். கோபமில்லை. களைத்துப்போன குரல். பிறகு அவரே நுண்ணோக்கி விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 23, திங்கள்

மாவு அண்ணன் வரவில்லை. வேலையை விட்டுவிட்டார் என்கிறார்கள். யாரும் அனுப்பவில்லை, தானாகவே. போன் போட்டேன், எடுக்கவில்லை. மருத்துவருக்கு அனுப்பியதில் விளக்கை அணைத்தவர் என்று நான் எழுதியது அவரைத்தான். என் பெயரையும் எழுதினேன். ஆனால் நான் இங்கே இருக்கிறேன்.

ஏப்ரல் 18, சனி

மருத்துவமனை எங்கள் தகடுகளை நிறுத்திவிட்டது. முதலாளி ஆட்களை நிறுத்தவில்லை. பம்பு பாகங்கள் அச்சிடுகிறோம். மற்ற ஆறு பேரின் படங்களும் இந்த மாதம் சுத்தம்.

மே 6, புதன்

மாவு அண்ணனுக்கு இன்னொரு தடவை போன். மணி அடித்து ஓய்ந்தது.

ஜூன் 15, திங்கள்

முன்னறையிலிருந்து கூப்பிட்டார்கள்: உங்களைப் பார்க்க ஒரு அம்மா.

இடது தாடையில் கழுத்துவரை நீளமாகத் தழும்பு. எனக்குப் புரிந்துவிட்டது. கன்னத்தில் அறைந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

"நீங்கதானா அது?" பேச்சு கொஞ்சம் குழறுகிறது, கவனித்தால் புரிகிறது. "டாக்டர்கிட்ட கேட்டேன். அட்ரஸ் குடுக்க மாட்டேன்னாரு. உறையில எழுதியிருந்ததைப் பாத்து வச்சுக்கிட்டேன். எனக்குள்ள இருந்ததை எனக்குக் காட்டுங்க."

அளவை அறைக்குக் கூட்டிப்போனேன். வெட்டிய துண்டை நுண்ணோக்கியில் வைத்துத் திரையில் காட்டினேன். வெடிப்பை விரலால் காட்டினேன். நான் எட்டையும் ஒன்றாக வைத்து ஸ்கேன் செய்ததைச் சொன்னேன்.

"அவசரப்பட்டீங்க."

"ஆமா."

"அப்புறம் நீங்களே சொன்னீங்க."

"பதினோரு நாள் கழிச்சு."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசம் என்னால ஒரு வார்த்தை பேச முடியல. நாள் முழுக்க வாய் ஓயாதவ நான். என் பொண்ணு போன்ல அழுவா, நான் இந்தப் பக்கம் மூச்சு விட்டுட்டே இருப்பேன், இருக்கேன்னு தெரியட்டும்னு. அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். மன்னிச்சேன்னு சொல்ல வரல."

"சரி" என்றேன்.

எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையை ஒருக்களித்து, இன்னொரு பக்கமாகவும் பார்த்தார்.

"முடி யார் வெட்டுனது?"

"நானேதான். குளியலறைக் கண்ணாடியில."

"இடது பக்கம் கோணல். ஒரு விரல்கூட இல்லை, ஆனா கோணல்." பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "வியாழக்கிழமை கடை திறக்குறேன். பதினொரு மணிக்கு மேல வாங்க. ரொம்பப் பேசுவேன், பரவாயில்லையா?"

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒன்பது மில்லிமீட்டர்.